ஒன்பது அடி

சுரங்கத்தைத் தாண்டி சூசாமிர் சமவெளிக்குள்
இறங்கியதும் வண்டிகள் நின்றுவிட்டன.
முன்னால் ஆலா-பெல் கணவாயில் பனிச்சரிவு.
பின்னால் சுரங்கத்தையும் அடைத்துவிட்டார்களாம்.
என் ஹோண்டாவில் ஆறு பயணிகள்,
டிக்கியில் குபாத்தின் சலவை இயந்திரம்.

எல்லோர் போனிலும் கோடு செத்துக் கிடக்க
பின் இருக்கைப் பெண்ணிடம் மட்டும்
வேறு கம்பெனி சிம்.
இரண்டு கோடு, சில சமயம் மூன்று.

"ஹாட்ஸ்பாட் போடேன், தங்கச்சி" என்றேன்.
பிஷ்கெக்கிலிருந்து அதுவரை அவளிடம் நான் பேசியது
"கதவை மெல்லச் சாத்து" மட்டும்.

போட்டாள்.
சைகல் என்று வந்தது,
பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டு.

பாஸ்வேர்ட் கேட்டோம்.
சொல்லவில்லை.
"போனைக் கொடுங்கள், நானே அடிக்கிறேன்."
ஒரு போன் என்றால் சரி.
மூன்றாவதில் விரல் விறைத்துப் போய்
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:
எமில்சிஸ். கடைசியில் ஒரு ஏழு.

எங்கள் பேச்சில்
ஒரு பெயரின் வாலில் சிஸ் ஒட்டினால்
'இல்லாமல்'.

வண்டிக்குள் ஹீட்டர் சத்தம் மட்டும்.
எல்லோரும் குனிந்து
அவனில்லாததை எழுத்துக் கூட்டினோம்.
பெகிமாயின் மகன் உரக்கக் கூட்டினான்,
அவனுக்கு ஆறு வயது.

குபாத்துக்கு வாய் சும்மா இருக்காது.
"ஏழு எதற்கு? ஏழு வருஷமா?"
"எட்டாவது இருக்கணும் என்றது போன்.
இங்கிலீஷில் எழுதினால் ஏழெழுத்துதான் வந்தது.
அதனால் ஏழு."
வேறு கணக்கில்லை என்றாள்.
நாங்கள் நம்பினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெட்ரோல் அவள் போனுக்குச் சார்ஜாகி
அவள் போன் எங்களுக்கு ஊரானது.
பெகிமாய் ஏதோ விண்ணப்பம் அனுப்பினாள்,
பன்னிரண்டு மணிக்குக் கெடு, பதினொன்று ஐம்பதுக்குப் போனது.
குபாத் மனைவியைக் கூப்பிட்டு
சலவை இயந்திரம் பத்திரம் என்றான்.
தான் பத்திரம் என்று சொல்ல மறந்தான்.

மற்ற வண்டிக்காரர்களும் மோப்பம் பிடித்து வந்தார்கள்.
ஒன்பது அடிக்கு அப்பால் நின்றால் அறுந்துவிடும் என்று
அவர்களே கண்டுபிடித்தார்கள்.
என் வண்டியைச் சுற்றிப் பனியில் ஒரு வட்டம்,
ஒவ்வொரு முகத்தின் கீழும் நீல வெளிச்சம்.
ஜன்னல் வழியே கேட்பார்கள்.
முதலில் சைகல் சொன்னாள்.
பிறகு பையன் சொன்னான்.
பிறகு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை,
வெளியில் நிற்பவனே வருபவனுக்குச் சொன்னான்,
கரகரத்த குரலில், சீட்டு நம்பர் போல.
எமில்சிஸ் ஏழு. எமில்சிஸ் ஏழு.
ஒரு கட்டத்தில் அவள் சிரித்தாள்.
சளி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

பத்து போனுக்கு மேல் ஏற்காது அந்தக் கருவி.
பதினோராவதாக வந்தான் ரவ்ஷான், லாரிக்காரன்,
தாடியில் பனி, தங்கைக்குப் பிரசவ வலி என்றான்.
நான் என்னுடையதைத் துண்டித்தேன்.
பெரிய தியாகமில்லை,
கால்பந்து ஸ்கோர்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபின் பனி வாரும் இயந்திரம் வந்தது.
வட்டம் கலைந்தது.
அவள் டோக்டோகுலில் இறங்கினாள்,
கதவை மெல்லச் சாத்தினாள்.

மே மாதம், ஓஷ், ஜைமா சந்தை.
பிரேக் கட்டைக்குப் பேரம்.
பழையதன் படத்தைக் கடைக்காரனுக்குக் காட்டப்
போனை எடுத்தேன்.
மேலே ஓர் ஓரத்தில்
சைகல், இணைகிறது.

நான் மறந்ததையெல்லாம் என் போன் மறப்பதில்லை.
ஒரு கணம், ஒன்பது அடிக்குள்
ஏப்ரிகாட் மூட்டைகள், தள்ளுவண்டி, தலைத்துணிகள்,
எங்கோ அவள்.

சக்கரம் சுற்றியது.
சுற்றியது.
பிறகு: கடவுச்சொல் தவறு.

ஏன் சிரிக்கிறாய் என்றான் கடைக்காரன்.
விலை கேட்டுச் சிரிக்கிறேன் என்று நினைத்து
இருநூறு சோம் குறைத்தான்.
வாங்கிக்கொண்டேன்.
தலையைத் தூக்கித் தேடவில்லை.